சரமும் எழுத்தும்: நிரல்மொழியில் தமிழைத் தொடுத்தல்



இன்றைய தலைப்பைக் கண்டு, இது கணினித் துறையினர் மட்டும் கேட்க வேண்டிய உரை என்று சிலர் எண்ணக்கூடும். தமிழ் இலக்கணம் அறிந்தவர்களும் இதைக் கேட்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். நிரலாளர் அறியாமல் விட்டவற்றை இலக்கணம் அறிந்தவர் கண்டுபிடித்துவிடுவார் என்பதற்குச் சான்றுகள் இவ்வுரையில் பல வரும்.

கணினியில் எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்ட தொடரைச் 'சரம்' என்கிறோம். பூச்சரம் என்னும் பொருளிலேயே இச்சொல் இங்கும் வழங்குகிறது. நாம் எடுத்துக்கொள்ளும் நிரல்மொழி பைத்தான். கைடோ வான் ரோசம் என்பவர் உருவாக்கி 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட இம்மொழி, இன்று பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பரவலாகக் கற்பிக்கப்படுகிறது. இதில் ஒரு சரத்தைக் கட்டிவிட்டால், அதன் நடுவில் உள்ள ஒரு பூவை மட்டும் பிடுங்கி வேறு பூவைச் செருக இயலாது. மாற்றம் வேண்டுமெனில் புதுச் சரமே தொடுக்க வேண்டும். 'ரீப்ளேஸ்' என்று கட்டளையிட்டாலும் பழைய சரம் அப்படியே கிடக்கும். புதியதொன்று நம் கைக்கு வரும். அதை வாங்கி ஒரு பெயரிட்டு வைத்துக்கொள்ளாதவர்க்கு மாற்றம் எதுவும் நிகழ்ந்ததாகவே தெரியாது.

சொற்களை இணைப்பதற்குப் பைத்தானில் 'ஜாயின்' என்றொரு கட்டளை உண்டு. புதியவர்கள் இதன் அமைப்பைக் கண்டு குழம்புவர். இணைக்கவேண்டிய சொற்பட்டியலை முன்னே வைக்காமல், இடையில் வரவேண்டிய காற்புள்ளியையோ இடைவெளியையோ முதலில் எழுதி, அதன்பின் 'ஜாயின்' என்று சொல்லி, அதற்குப் பின்னரே பட்டியலைத் தர வேண்டும். பூத்தொடுப்பவரைப் பார்த்திருப்பவர்க்கு இதில் குழப்பமில்லை. நாரைக் கையில் எடுத்துக்கொண்டுதானே பூவை அடுக்குகிறார்கள்? ஆயிரம் சொற்களை ஒவ்வொன்றாகக் கூட்டல் குறியிட்டு ஒட்டிக்கொண்டே போவது, ஒரு பூ சேரும்போதெல்லாம் முழுச் சரத்தையும் அவிழ்த்து மறுபடி கட்டுவதற்கு நிகர். பட்டியலில் சேர்த்து வைத்து ஒரே முறையில் தொடுப்பதே அம்மொழியின் மரபு. பிரிப்பதற்கு 'ஸ்ப்ளிட்' உண்டு. அதற்கு எதுவும் குறிப்பிடாமல் விட்டால், இடைவெளி ஒன்றோ பத்தோ, வரி முறிவோ, எல்லாவற்றையும் பொருட்படுத்தாது சொற்களைத் தூய்மையாகப் பிரித்துத் தரும். இவை எம்மொழிக்கும் பொதுவானவை. தமிழுக்கு வரும்போதுதான் செய்தி வேறாகிறது.

'தமிழ்' என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள்? தொடக்கநிலை மாணவனும் மூன்று என்பான். பைத்தானின் 'லென்' கட்டளை ஐந்து என்கிறது. அதே சொல்லைக் கோப்பில் சேமித்து அதன் பைட்டுகளை எண்ணினால் பதினைந்து வருகிறது. பைத்தானின் இரண்டாம் பதிப்பில் இயல்பாகக் கிடைத்த விடையும் அதுவே. மூன்று விடைகளில் எதுவும் பொய்யன்று. யூனிகோடு முறையில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியெண்கள் அச்சொல்லில் உள்ளன. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் மூன்று பைட்டு இடத்தை எடுக்கிறது. ஆகவே ஐந்து குறியெண்களுக்குப் பதினைந்து. நாம் கேட்டது எழுத்து; பொறி எண்ணியது குறியெண். கேள்வியும் விடையும் வேறு வேறு.

இவ்வேறுபாட்டைச் சிறு நுட்பம் என்று தள்ளிவிட இயலாது. மாலைமாற்று நம் மரபில் ஒரு தனிக் கலை. திருஞானசம்பந்தர் பெயரில் வழங்கும் மாலைமாற்றுப் பதிகத்தைப் பலரும் அறிவீர்கள். அந்த அளவுக்குப் போகவேண்டியதில்லை. 'விகடகவி' என்ற ஒரு சொல்லே போதும். வலமிருந்து படித்தாலும் இடமிருந்து படித்தாலும் அது ஒன்றே. பைத்தான் பாடநூல்களில் மாலைமாற்றைச் சோதிக்க ஒரு சுருக்கவழி சொல்லித்தருவார்கள்: சரத்தை மைனஸ் ஒன்று என்ற படியில் வெட்டி எடுத்தால் அது தலைகீழாகிவிடும், அதை மூலத்தோடு ஒப்பிட்டால் முடிந்தது. ஆங்கிலச் சொற்களுக்கு இது பொருந்தும். விகடகவியைக் கொடுத்தால், அது மாலைமாற்று அன்று என்று பொறி தீர்ப்புச் சொல்லும். ஏனெனில் கவிழ்த்த சரம், தாங்குவதற்கு ஒரு மெய்யும் இல்லாத இகரக் கொக்கியில் தொடங்குகிறது. வகுப்பில் ஒரு தமிழ் மாணவி இச்சோதனையைச் செய்துபார்த்து, தன் மொழிதான் எதிலோ குறைபட்டது என்று எண்ணிவிட்டால் அந்த எண்ணத்தைப் பின்னர் எடுப்பது கடினம்.

இதற்குத் தீர்வு எளியது. சரத்தை முதலில் எழுத்துகளின் பட்டியலாக ஆக்கிக்கொள்ள வேண்டும். உயிரோ மெய்யோ ஆய்தமோ ஒன்று. அதன்பின் வந்தால் ஓர் உயிர்க்குறி அல்லது புள்ளி. இவ்வளவுதான் வடிவம். இதையே தேடுகோவையாக எழுதி 'ஃபைண்ட்ஆல்' கட்டளைக்குக் கொடுத்தால் விகடகவி ஐந்து எழுத்தாகவும் தமிழ் மூன்று எழுத்தாகவும் வந்து நிற்கும். பட்டியலைக் கவிழ்த்து ஒப்பிட்டால் சரியான விடை கிடைக்கும். 'ஓப்பன் தமிழ்' என்னும் பைத்தான் நூலகத்தில் இவ்வேலைக்கு ஆயத்தமான செயற்கூறும் இருக்கிறது. உயிர்மெய் என்பது ஓர் எழுத்து என்று நம் இலக்கணம் சொல்லிவைத்ததைத்தான் அந்த ஒற்றைவரிக் கோவை திரும்பச் சொல்கிறது.

எண்ணிக்கையில் நேரும் பிழையாவது கண்ணுக்குத் தெரியும். தெரியாமல் நுழையும் பிழைகளே அஞ்சத்தக்கவை. பதிவுப் படிவங்களில் 'பெயரில் எழுத்துகள் மட்டுமே இருக்கலாம்' என்றொரு கட்டுப்பாடு வைப்பது வழக்கம். அதற்குப் பைத்தானில் 'ஈஸ்ஆல்ஃபா' என்னும் சோதனை உண்டு. 'சரவண' என்று கொடுத்தால் ஏற்கும். 'சரவணன்' என்றால் மறுக்கும். புள்ளி, கொம்பு, கொக்கி ஆகியவற்றை யூனிகோடு தனி எழுத்தாகக் கொள்ளாமல் சார்குறிகளாக வகைப்படுத்தியிருப்பதே காரணம். முருகனும் கவிதாவும் செல்வியும் தம் பெயரைத் தமிழில் எழுதும் உரிமை, ஒரு சொல்லாலான சோதனைக்கட்டளையில் தடைபட்டு நிற்கிறது. படிவத்தை வடிவமைத்தவர்க்குத் தீய எண்ணம் எதுவும் இருந்திராது. அவர் தமிழ்ப்பெயர் ஒன்றை இட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவே. வேடிக்கை என்னவென்றால், அதே பைத்தானின் மூன்றாம் பதிப்பு, நிரலில் வரும் மாறிகளுக்குச் 'சரவணன்' என்று பெயரிட்டால் மறுப்பின்றி ஏற்றுக்கொள்கிறது.

தேடலும் மாற்றலும் இதனினும் சிக்கலானவை. ஓர் ஆவணத்தில் 'பல' என்னும் சொல்லை எல்லா இடத்திலும் 'சில' என்று மாற்ற விரும்புகிறோம் என்று கொள்வோம். 'ரீப்ளேஸ்' கட்டளையை ஏவினால் பல்கலைக்கழகம் சில்கலைக்கழகம் ஆகிவிடும். 'பல்' என்பதில் முதலிரு குறியெண்கள் ப, ல ஆகியவையே. புள்ளி அதற்கு அப்பால் நிற்கிறது. அனுபவமுள்ள நிரலாளர் இதைக் கேட்டால், சொல்லெல்லைக் குறியை இருபுறமும் இட்டுத் தேடுங்கள் என்பார். ஆங்கிலத்திற்கு நல்ல அறிவுரை. பைத்தானின் வழக்கமான தேடுகோவைக் கருவிக்கோ புள்ளி சொல்லின் உறுப்பன்று. லகரத்தோடு சொல் முடிந்தது என்று அது கருதுகிறது. ஆகவே காவலுக்கு நிறுத்திய எல்லைக்குறியே கதவைத் திறந்துவிடுகிறது. 'தமிழ்' என்னும் சொல்லைச் சொற்களாகப் பிரிக்கச் சொன்னால், 'தம' என்றும் 'ழ' என்றும் இரண்டு துண்டுகளைத் தருவதும் இக்கருவியே. நாம் செய்யவேண்டியது, தேடும் சொல்லுக்கு முன்னும் பின்னும் தமிழ்ப் பகுதியைச் சேர்ந்த குறியெண் எதுவும் வரலாகாது என்று வெளிப்படையாக எழுதிவிடுவதுதான். இடைவெளியில் வெட்டும் 'ஸ்ப்ளிட்' இத்தொல்லையில் சிக்குவதில்லை. அதனால்தான் அதை முன்னே பாராட்டினோம்.

'ஆர்ஸ்ட்ரிப்' என்றொரு கட்டளையும் பலரை ஏமாற்றியிருக்கிறது. சரத்தின் வலக்கோடியில் வேண்டாதவற்றை உதிர்ப்பது அதன் பணி. பன்மை விகுதியை நீக்குவதற்காக 'கள்' என்று அதற்குக் கொடுத்தால், அது 'கள்' என்னும் விகுதியைத் தேடுவதில்லை. க, ள, புள்ளி என்னும் மூன்றில் எது கோடியில் நின்றாலும் உதிர்த்துக்கொண்டே போகும். 'நாள்கள்' என்னும் சொல்லைக் கொடுத்துப் பாருங்கள். விகுதி உதிரும், புள்ளி உதிரும், அடுத்து நிற்கும் ளகரமும் உதிரும். எஞ்சுவது 'நா'. பகலும் இரவும் போய் வாயில் உள்ள உறுப்பு மிஞ்சுகிறது! 2020இல் வந்த மூன்றுபுள்ளி ஒன்பதாம் பதிப்பிலிருந்து 'ரிமூவ்சஃபிக்ஸ்' என்னும் கட்டளை கிடைக்கிறது. அது முழு விகுதியை ஒரே அலகாகக் கொண்டு நீக்குவதால் 'நாள்' என்று சரியாகத் தரும். ஆயினும் 'மரங்கள்' என்பதை 'மரங்' என்றும், 'மக்கள்' என்பதை 'மக்' என்றும், 'திங்கள்' என்பதைத் 'திங்' என்றும் விட்டுவைக்கும். முதலாவதற்கு ஙகர மெய்யை மகர மெய்யாக மாற்றும் ஒரு விதி போதும். பின்னிரண்டுக்கும் விதி போதாது, சொற்பட்டியல் வேண்டும், அதைத் தொகுக்கத் தமிழறிந்தவர் வேண்டும்.

இனி, நம் நூலகங்களுக்கும் பதிப்பகங்களுக்கும் நேரடியாகத் தொடர்புள்ள ஒன்றைச் சற்று விரிவாகப் பேசுவோம். திரையில் ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு சொற்கள், பொறிக்குள் வெவ்வேறாக இருக்கக்கூடும். 'கொ' என்னும் எழுத்தை ககரமும் ஒகரக் குறியும் என இரண்டு குறியெண்ணால் எழுதலாம். ககரம், ஒற்றைக்கொம்பு, கால் என மூன்றாலும் எழுதலாம். இரண்டும் சமம் என்று யூனிகோடே அறிவித்திருக்கிறது. ஆனால் பைத்தானின் சமக்குறி அவற்றைச் சமமென்று சொல்லாது. தரவு வந்தவுடன் 'நார்மலைஸ்' கட்டளையால் என்எஃப்சி என்னும் வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் இவ்வேற்றுமை மறையும். தமிழ் உரையைக் கையாளும் எந்த நிரலிலும் இதுவே முதல் வரியாக இருக்கவேண்டும் என்பது நம் கருத்து.

அவ்வடிவத்தாலும் தீராத வேற்றுமைகள் உண்டு. 'ஔவையார்' என்பதை ஔகார எழுத்தால் எழுதுவோரும் உளர். ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி 'ஒளவையார்' என்று எழுதுவோரும் உளர். கண்ணுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. பொறிக்கு இவை இரண்டு மாதர். நூற்பட்டியலில் ஒருவர் ஒருவகையாகவும் மற்றொருவர் வேறுவகையாகவும் உள்ளிட்டிருந்தால், தேடும் மாணவர்க்குப் பாதி நூல்கள் இல்லாதவை ஆகிவிடும். அலமாரியில் நூல் இருக்கும். பட்டியலில் அதன் பெயரும் இருக்கும். ஆனால் விடையில் வராது. 'கௌரவம்', 'கெளரவம்' ஆகியவற்றின் நிலையும் அதுவே.

இன்னும் வியப்பானது 'தெரியும்' என்னும் சொல். இணையத்திலும் ஆவணங்களிலும் அது 'தொியும்' என்று எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். கூர்ந்து நோக்கினால் அங்கே ரகரமே இல்லை; தகரத்தோடு ஒகரக் குறி, அதன்மேல் இகரக் கொக்கி. ரகரத்துக்கும் காலுக்கும் உள்ள உருவ ஒற்றுமையால் விளைந்த மரபு இது. இதன் வேர் யூனிகோடுக்கு முந்திய காலத்தில் இருக்கிறது. அன்று ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டு முறையை வைத்திருந்தது. அச்சுக்கோப்பவர் ஈயத்துண்டுகளை அடுக்கியதுபோலக் கொம்பை முதலிலும் மெய்யை அடுத்தும் காலைப் பின்னும் வைத்தார்கள். மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலும், சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி உருவாக்கிய கணியனும் தமிழைத் திரையில் எழுதவைத்த காலம் அது. 1997இல் சிங்கப்பூரில் கூடிய தமிழ் இணைய மாநாடும், 1999இல் சென்னையில் கூடிய மாநாடும் குறியீட்டு ஒருமைப்பாட்டைப் பேசின. அக்காலத்தில் உள்ளிடப்பட்ட உரைகள் இன்றும் வட்டுகளில் உறங்குகின்றன. நம் வட்டாரத்தின் மலர்களும் மாணவர் இதழ்களும் சங்க அறிக்கைகளும் அவற்றுள் அடங்கும். அவற்றை யூனிகோடுக்கு மாற்றாமல் விட்டால், எழுத்துரு மறையும்போது அவையும் படிக்க இயலாதனவாகும்.

அம்மாற்றம் வெறும் 'ரீப்ளேஸ்' வரிசையால் நிகழ்வதில்லை. கொம்பு, மெய், கால் என்னும் மூன்றும் அடுத்தடுத்து வந்தால் முதலில் அதை ஒகர உயிர்மெய்யாக்க வேண்டும். அதன்பின்னரே கொம்பும் மெய்யும் மட்டும் வருமிடத்தை எகர உயிர்மெய்யாக்க வேண்டும். வரிசையை மாற்றினால் கால் தனியே தொங்கி நிற்கும். நீண்டதை முன்னும் குறுகியதைப் பின்னும் வைத்து, 'சப்' கட்டளையில் குழுக்களை இடம்மாற்றிச் செய்வதே முறை. செய்து முடித்தபின் ஒரு சோதனை: ஓர் உயிர்க்குறியை அடுத்து இன்னோர் உயிர்க்குறியோ, தனி உயிரை அடுத்து ஓர் உயிர்க்குறியோ எங்கேனும் இருக்கிறதா என்று தேட வேண்டும். தமிழில் அப்படி ஓர் எழுத்து அமையவே முடியாது. 'தொியும்', 'ஏாி' போன்றவை அனைத்தும் இவ்வலையில் சிக்கும். காலும் கொக்கியும் சேர்ந்து வருமிடத்தில் ரிகரத்தையும், ஒகரக் குறியோடு கொக்கி வருமிடத்தில் எகரக் குறியையும் ரிகரத்தையும் வைத்தால் 'ஏரி' ஏரியாகும், 'தெரியும்' தெரியும்.

அகரவரிசை பற்றி ஒரு சொல். மலை, மழை, மறை, மனை என்னும் நான்கையும் 'சார்ட்டட்' கட்டளையிடம் கொடுத்தால் மனை, மறை, மலை, மழை என்று அடுக்கும். இந்திய மொழிகள் அனைத்துக்கும் ஒரே அடுக்கு என்று வகுத்த பழைய இந்தியத் தரத்தைப் பின்பற்றி யூனிகோடில் தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டதால், னகரம் நகரத்தின் பக்கத்திலும் றகரம் ரகரத்தின் பக்கத்திலும் போய் உட்கார்ந்துவிட்டன. மெய்யெழுத்தும் அவ்வாறே. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் 'அக்கா' முந்தும், 'அகம்' பிந்தும், பொறியில் தலைகீழ். பைத்தானில் இதற்குரிய மரபுவழி, சொற்களை ஒப்பிடும் முறையை மாற்றுவதன்று. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு திறவுகோல் தருவது. உயிர், ஆய்தம், பின்னர் ககர மெய், ககர உயிர்மெய் வரிசை என்று னகரம் வரை, இறுதியில் கிரந்தம் என எழுத்துகளை ஒருமுறை எழுதிவைத்து, சொல்லின் எழுத்துகளை அவ்வெண்களின் பட்டியலாக்கித் திறவுகோலாகக் கொடுத்தால் வரிசை நேராகும்.

இறுதியாகப் புணர்ச்சி. இயந்திரம் அனுப்பும் அழைப்பிதழ்களில் 'முருகன்-க்கு', 'கவிதா-க்கு' என்று இடைக்கோடு இட்டு எழுதப்பட்டிருப்பதைப் பார்க்கிறோம். வார்ப்புருவில் ஓர் இடத்தை வெற்றாக விட்டு, பெயரை அங்கே செருகுவதால் வரும் விளைவு இது. ஆங்கிலத்தில் பெயர் மாறுவதில்லை. தமிழில் வேற்றுமை உருபு ஏறும்போது பெயரின் ஈறு மாறும். இதை நிரலில் எழுதுவது நாம் நினைப்பதைவிட எளிது. இங்கே யூனிகோடின் அமைப்பு நமக்குத் துணைநிற்கிறது. 'முருகன்' என்பதன் கடைசிக் குறியெண் புள்ளி. அதை நீக்கி ஐகாரக் குறியை வைத்தால் 'முருகனை'. மெய்யாகிய உடலின்மேல் உயிர் வந்து ஒன்றுவது இயல்பு என்று நன்னூலார் சொன்னது, இங்கே ஒரு குறியெண்ணை எடுத்து இன்னொன்றை வைக்கும் செயலாகிறது. கடைசிக் குறி இகரமோ ஈகாரமோ ஐகாரமோ ஆனால் யகர உடம்படுமெய்: 'செல்வியை'. ஏனையவற்றுக்கு வகரம்: 'கவிதாவை', 'பாபுவை'. ஐந்தாறு வரிகளில் இதை எழுதிவிடலாம்.

ஆனால் 'செல்வம்' என்று ஒருவர் பெயரிருந்தால் அவ்வரிகள் 'செல்வமை' என்று தரும். நாமோ 'செல்வத்தை' என்போம். 'டேவிட்' என்பதற்கு 'டேவிடை' என்று தரும். நாம் 'டேவிட்டை' என்போம். இவற்றுக்கு மேலும் இரண்டு விதிகள். 'வீடு' என்பது 'வீட்டை' ஆவதும் 'ராசு' என்பது 'ராசுவை' ஆவதும் வடிவத்தைப் பார்த்து மட்டும் பிரிக்கத்தக்கவை அல்ல. ஒன்று பொருளின் பெயர், மற்றொன்று ஆளின் பெயர் என்று நிரலுக்கு யாரேனும் சொல்லித்தர வேண்டும்.

இவ்விதிகளைத் தாளில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறோம். பள்ளிகளில் தமிழும் கணினியும் கற்பிக்கும் ஆசிரியர்கள் இருவரும் சேர்ந்து அமர்ந்து, தம் மாணவர் பெயர்ப்பட்டியல் ஒன்றை இவ்விதிகளில் இட்டுப் பார்த்தால், எந்தப் பெயரில் விதி முறிகிறது என்பது முதல் மணிநேரத்திலேயே தெரிந்துவிடும். முறிந்த பெயர்களை எங்களுக்கு எழுதி அனுப்பினால் விதிகளில் சேர்த்துக்கொள்வோம். தாள்கள் வாயிலருகே வைக்கப்பட்டுள்ளன.